நொச்சிப் படலம்: கூடைப்பந்தில் பரிசு பெறாதோர் வகைப்பாடு

கூடைப்பந்தாட்டக்காரர் இருவகைப்படுவர்: பந்தைக் கூடையில் போடுவோர், போடவிடாதோர். முன்னவருக்குச் சுழற்கோப்பையும் சால்வையும் மறுநாள் பேப்பரில் படமும் உண்டு. பின்னவருக்கு ஃபவுல் உண்டு. இந்த இரண்டாம் வகையாரை விரித்துரைக்க எழுந்தது இந்நூல். பழனிமலைத் தொடரில், கொடைக்கானலில் இருந்துகொண்டு எழுதப்படுவதால் உதாரணங்களில் பாதி மலையிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் வரும். மீதி அமெரிக்காவிலிருந்து வரும். நடுவில் உள்ள நாட்டார் பொறுத்தருள்க.

முதலில் நூல்வழி. தொல்காப்பியர் புறத்திணையை ஏழாகப் பகுத்தார். கோட்டையை வளைக்கிறவனுக்கு உழிஞை என்று தனித்திணை தந்தார். உள்ளே நின்று மதிலைக் காக்கிறவனுக்கு அந்த உழிஞைக்குள்ளேயே ஒரு மூலையை ஒதுக்கினார். ஆநிரை கவர்கிறவனுக்கு வெட்சி. கவர்ந்ததை மீட்கிறவனும் அந்த வெட்சிக்குள்ளேயே ஒண்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் புறப்பொருள் வெண்பாமாலை செய்த ஐயனாரிதனார்தான் மனமிரங்கி, மீட்போனுக்குக் கரந்தை, காப்போனுக்கு நொச்சி என்று ஆளுக்கொரு பூவும் படலமும் கொடுத்தார். இடையில் எத்தனை நூற்றாண்டு என்று புலவர்கள் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் என்.பி.ஏ. இதே வேலையை 37 ஆண்டில் முடித்துவிட்டது. 1946-இல் தொடங்கிய லீக், ஆண்டின் சிறந்த தடுப்பாளர் என்று ஒரு விருதை 1982-83 பருவத்தில்தான் ஏற்படுத்தியது. முதலில் பெற்றவர் மில்வாக்கி அணியின் சிட்னி மான்கிரீஃப். அதற்குள் பில் ரஸ்ஸல் ஓய்வு பெற்று 14 ஆண்டு ஆகியிருந்தது. 13 பருவம் ஆடி 11 பட்டம் வென்றவர், தடுப்பு என்றால் என்ன என்று அந்த ஊருக்கே கற்றுக்கொடுத்தவர். தடுப்பாளர் அணி என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் 1968-69-இல் வந்தது. அது அவருடைய கடைசிப் பருவம். பந்தைப் பறிக்கும் ஸ்டீலையும் எறிதலைத் தட்டிவிடும் பிளாக்கையும் லீக் எண்ணத் தொடங்கியதோ 1973-74-இல். ஆகவே ரஸ்ஸல் எத்தனை பந்தைத் தட்டினார் என்பதற்கு இன்றுவரை அதிகாரபூர்வக் கணக்கு கிடையாது. நொச்சி மறவரில் முதல்வருக்கே இந்த நிலை என்றால் மற்றவர்களைச் சொல்லவா வேண்டும்.

இனி எண்ணுமுறை. படிப்பவர் இந்த அதிகாரத்தைத் தாண்டிப் போகக்கூடாது. நூலின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

மலையிலிருந்து அடுக்கம் வழியாக இறங்கினால் கும்பக்கரை, அதைத் தாண்டினால் பெரியகுளம். மாம்பழம் விலை குறைகிற மே மாதத்தில் அங்கே சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடத்துகிறது. பி.டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவுச் சுழற்கோப்பை. இந்தியன் ஓவர்சீஸ் பேங்க், இந்தியன் பேங்க், கடற்படை, விமானப்படை, கேரள மின்வாரியம் என்று பெரிய அணிகள் வந்து ஆடிய களம் அது. அங்கே என்றில்லை, இதுபோன்ற எந்தப் போட்டியிலும் கேலரியில் உட்காராமல் ஸ்கோர் மேஜைக்குப் பின்னால் போய் நின்று, எழுதுகிறவர் தோளுக்கு மேலாக எட்டிப் பாருங்கள். சர்வதேசக் கூட்டமைப்பின் ஸ்கோர் ஷீட் ஒரு நீளத் தாள். வலது பாதி முழுக்க ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் அச்சிட்டிருக்கும். கூடை விழுந்தால் அந்த எண்ணின் மேல் ஒரு சாய்கோடு, பக்கத்தில் போட்டவனின் ஜெர்ஸி எண். ஃப்ரீ த்ரோ என்றால் கருப்புப் புள்ளி. மூன்று பாயின்ட் என்றால் ஜெர்ஸி எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். மாப்பிள்ளைக்கு மாலை போட்ட மாதிரி.

இடது பாதியில் ஆட்டக்காரர் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஐந்து சிறு கட்டங்கள். அவை ஃபவுலுக்கு. சாதாரணத் தவறுக்கு பி (P), வாய்த்துடுக்குக்கு டி (T), முறையற்ற தவறுக்கு யு (U), வெளியேற்றத்துக்கு இன்னொரு டி (D). ஐந்தும் நிரம்பினால் வெளியே போய் உட்கார வேண்டியதுதான்.

தடுப்பைப் பொறுத்தவரை அவ்வளவுதான் தாள். ஆக, ஒரு தடுப்பாளன் தடுத்ததற்காக அந்தத் தாளில் இடம்பெற ஒரே வழி, தப்புச் செய்வது. நாற்பது நிமிடம் ஒருவனை மூச்சுவிடாமல் பிடித்துவைத்தவனுக்கு எதிரே ஐந்து கட்டமும் வெள்ளையாக இருக்கும். ஒரு நிமிடம் ஆடிவிட்டுப் பெஞ்சில் துண்டு போர்த்தி உட்கார்ந்துவிட்டவனுக்கும் அதே ஐந்து வெள்ளைக் கட்டம்தான். போட்டி முடிந்து சிறந்த ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்க அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் பெரியவர் இருவருக்கும் என்ன வித்தியாசம் கண்டுபிடிப்பார்? இதனை நூற்பாவாக்கின்:

எண்ணியது போற்றுப, எண்ணாதது தூற்றவும் மறப்ப.

இதற்கு மூலகாரணம் விதியிலேயே இருக்கிறது. 1891-இல் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்து 13 விதி எழுதினார். ஐந்தாவது விதி தோளால் இடிக்காதே, பிடிக்காதே, தள்ளாதே, அடிக்காதே, இடறிவிடாதே என்கிறது. எதையெல்லாம் செய்யக்கூடாது என்று தடுப்பாளனுக்குப் பட்டியல் போட்டவர், பிறகு என்னதான் செய்வது என்று அவனுக்கு ஒரு வரியும் எழுதவில்லை. ஒய்.எம்.சி.ஏ.க்காரர்கள் கையில் ஆட்டம் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தபோது இந்த ஓரவஞ்சனையும் கூடவே வந்து இறங்கியது.

தடுப்பின் இலக்கணத்தில் இரு பள்ளியினர் உண்டு. பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கத்து மேல்மலைப் பள்ளியினர், ஆளை விடாமல் பிடிக்கும் மேன்-டு-மேன் ஒன்றே தடுப்பு என்பர். தாண்டிக்குடி, பண்ணைக்காட்டுக் கீழ்மலைப் பள்ளியினர் ஸோன் கட்சி. இடத்தைக் காத்தால் ஆள் தானே அடங்குவான் என்பது அவர்கள் துணிபு. இப்படி இரண்டு பள்ளி இருப்பதாக நீயே இட்டுக்கட்டினாய் என்பார்க்கு விடை: உரையாசிரியர்கள் ‘ஒருசாரார்’ என்று எழுதும்போதெல்லாம் ஆதாரம் கேட்டோமா?

வகைகளுக்கு வருவோம்.

முதல் வகையான் ஒட்டி. இவன் பந்தைப் பார்ப்பதில்லை. இவன் கண் எதிராளியின் தொப்புள் மேல் இருக்கும். தலை ஏமாற்றும், தோள் ஏமாற்றும், பந்து எப்போதும் ஏமாற்றும். இடுப்பு எந்தப் பக்கம் போகிறதோ ஆள் அந்தப் பக்கம்தான் போயாக வேண்டும் என்பது கோச்சுகள் சொல்லும் பாலபாடம். எதிராளி கையில் பந்து இல்லாதபோதும் இவன் வேலை நிற்காது. பாஸ் வரும் பாதையில் ஒரு கை, ஒரு கால். முழங்கை மடங்கி எதிராளியின் விலாவைத் தொட்டும் தொடாமலும். பந்து வந்தால்தானே ஸ்டீல், பந்து வந்தால்தானே பிளாக்? இவன் கெட்டிக்காரத்தனம் பந்தை வரவிடாமலே செய்துவிடுவதால் இவன் கணக்கில் இரண்டுமே ஏறாது. எதிரணி நட்சத்திரம் நான்கு பாயின்ட்டோடு முடங்கிப்போனால் மறுநாள் பேப்பரில், ‘அவருக்கு நேற்று ராசி இல்லை’ என்று வரும். அந்த ராசியின்மைக்கு ஒரு ஜெர்ஸி எண் உண்டு என்பதோ, ஒன்றரை மணி நேரமாக அது அவர் இடுப்பை விட்டு ஒரு சாண் விலகவில்லை என்பதோ வராது.

இவ்வகைக்கு எடுத்துக்காட்டு சான் அன்டோனியோ அணியின் புரூஸ் போவன். தடுப்பாளர் அணியில் எட்டு முறை இடம், 2003, 2005, 2007-இல் மூன்று பட்டம். தடுப்பாளர் விருது ஒன்றுகூட இல்லை. 2005 முதல் தொடர்ந்து மூன்று முறை இரண்டாமிடம்.

இரண்டாம் வகையான் ஈரடியான். என் மதிப்பில் நொச்சித்திணையின் சிகரம் இவன்தான். ஆகவே கொஞ்சம் அதிக இடம் பிடிப்பான். எதிரணிக்காரன் ஒருவன் வலது ஓரத்தில் தன் தடுப்பாளனைத் தாண்டிவிட்டான். கூடைக்கும் அவனுக்கும் நடுவே யாரும் இல்லை. அந்த நேரத்தில், வேறொருவனைக் காக்க வேண்டிய நம் ஈரடியான் இரண்டே அடி நகர்கிறான். குதிக்கவில்லை, கை வீசவில்லை. ஓடி வந்தவன் அவனைப் பார்த்துவிட்டுத் தயங்குகிறான். பந்தை வெளியே திருப்பி அனுப்புகிறான். ஈரடியான் இரண்டடி பின்வாங்கித் தன் ஆளிடம் போய்ச் சேர்கிறான். பந்தை எறிந்தாக வேண்டிய 24 விநாடி தீர்ந்து பஸ்ஸர் அடிக்கிறது. பந்து கைமாறுகிறது. கேலரியில் இருப்பவர்கள், ‘என்னப்பா தூங்குறானுங்க’ என்று எதிரணியைத் திட்டுகிறார்கள். நடந்ததை யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமல் போனதுதான் அவன் செய்த காரியம். அமெரிக்கக் கணக்கிலும் 24 விநாடித் தவறு மொத்த அணியின் பேரில்தான் ஏறும். தடுத்தவன் பேரில் ஏற அங்கே இடமில்லை.

மணிமேகலையில் அளவைவாதி அடுக்கும் அளவைகளில் அபாவமும் ஒன்று. ஒன்று இல்லாமல் இருப்பதையும் அறிந்துகொள்ள வழி உண்டு என்று நம்மவர்கள் ஒப்புக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. ஸ்கோர் ஷீட் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. டிம் டங்கன் 15 முறை தடுப்பாளர் அணியில் இடம்பெற்றார். லீக் வரலாற்றில் அதற்கு மேல் யாரும் இல்லை. ஆண்டின் சிறந்த தடுப்பாளர் விருது அவருக்கு ஒருமுறையும் கிடைக்கவில்லை. கூடைக்கு அடியில் சரியான இடத்தில் சரியான நேரத்தில் நின்றுகொண்டிருந்தார். நிற்பதை யார் வீடியோ எடுத்துப் போடுவார்கள்?

மூன்றாம் வகையான் வீழ்வோன். பாய்ந்து வருகிறவன் பாதையில் முன்கூட்டியே காலூன்றி, நெஞ்சைக் கொடுத்து, இடிபட்டு மல்லாக்க விழுகிறவன். வழவழப்பான மரத்தளத்தில் விழுவது ஒரு கலை. நம் பள்ளிக்கூடத்து சிமென்ட் கிரவுண்டில் விழுவது ஒரு கொள்கை. முழங்கையில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் போகும். மேலே மலைக்குளிரில் அந்த எரிச்சல் ராத்திரி படுக்கும்போதுதான் தெரியும். ஸ்கோர் ஷீட்டில் இடித்தவன் பெயருக்கு எதிரே ஒரு பி விழும். விழுந்தவன் யார் என்பதற்குக் கட்டம் இல்லை. பந்தைப் பறித்துக் கொடுத்தது தோல் போனவன். எழுத்தில் இருப்பது இடித்தவன்.

இன்னும் சில சிறுவகைகள் உண்டு. பின்பக்கத்தால் எதிராளியை அண்டவிடாமல் ஒதுக்கி, ரீபவுண்டைத் தோழன் எடுக்க வழிசெய்பவன், பெயர் தோழனுக்கு. நட்சத்திரத்துக்கு நான்காவது ஃபவுல் விழுந்துவிட்டதால் அவனுக்குப் பதில் தானே ஓடிப்போய் ஃபவுல் வாங்கிக்கொள்பவன். அவன் கட்டங்கள் நிரம்பியிருப்பதைப் பார்த்துப் பரிசுக்குழு முரடன் என்று முடிவு கட்டும். எறிகிறவன் கண்ணுக்கு நேரே கையை நீட்டிவிட்டுப் பந்தைத் தொடாமலே இறங்குபவன். ஹூஸ்டனில் ஷேன் பாட்டியர் கோபி பிரையன்ட்டுக்குச் செய்தது இது. 2009-இல் மைக்கேல் லூயிஸ் அவரைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் இதழில் நீளமாக எழுதிய பிறகுதான், கணக்கில் வராமலே ஒருவன் அணியை ஜெயிக்க வைக்கலாம் என்பது வாசகர்களுக்குத் தெரிந்தது. 2016 பிளே-ஆஃபிலிருந்து என்.பி.ஏ. இவற்றில் சிலவற்றை எண்ணத் தொடங்கியது: எத்தனை எறிதலுக்குக் கை நீட்டினான், எத்தனை பாஸை விரல் நுனியால் கெடுத்தான், எத்தனை முறை இடி வாங்கினான். ஈரடியானின் இரண்டடி இன்னும் அந்தப் பட்டியலில் இல்லை.

வெட்சியான் என்றொருவன் இருக்கிறான். இவனை நொச்சியில் சேர்க்கலாமா என்பது வழக்கு. குறிஞ்சிக்குப் புறம் வெட்சி என்பது தொல்காப்பிய முறை. மலைநாட்டார் ஆநிரை கவர்ந்தனர். மலைப் பள்ளிக்கூடங்களில் பந்தை நடத்திச் செல்லும் கார்டுகளும் பந்து கவர்வதிலேயே குறியாக இருப்பார்கள். ஸ்டீல் அழகானது. கை மின்னல்போலப் போகும், பந்து கிடைக்கும், எதிரே ஆளில்லாத மைதானம், ஊரே எழுந்து நிற்கும். கிடைக்காமல் போனால்? கவரப் போனவன் இடம் காலி. எதிராளி நேரே கூடைக்கு நடந்து போவான். அந்தக் கூடையைக் காக்க முடியாமல் ஃபவுல் வாங்குகிறவன் நம் ஈரடியான். பத்துத் தடவை கைவீசி மூன்று ஸ்டீல் எடுத்தவனுக்கு வோட்டு விழும். தவறிய ஏழுக்குப் பின்னால் வாரிக் கொட்டியவனுக்கு விழாது. 1988-இல் மைக்கேல் ஜோர்டான் ஆட்டத்துக்கு 3.16 ஸ்டீல் எடுத்து லீக்கிலேயே முதலாவதாக நின்று தடுப்பாளர் விருது வாங்கினார். அதே பருவத்தில் ஆட்டத்துக்கு 35 பாயின்ட்டும் போட்டார். இரண்டு திணையிலும் ஒரே ஆள் பூச்சூடிக்கொண்டால் மற்றவர்கள் மொட்டைத் தலையோடுதான் நிற்க வேண்டும். கீழ்மலைப் பள்ளியினர் வெட்சியானை விலக்குவர். நான் அவர்கள் கட்சி.

பனியையும் ஒரு தடுப்பாளனாகக் கொள்வர் மேல்மலையார். பிற்பகலில் ஏறி வரும் பனிமூட்டத்தில் ஒரு கூடையின் அடியில் நின்றால் மறுகூடை தெரியாத நாள்கள் உண்டு. சமவெளியிலிருந்து வந்த அணிக்கு 2,100 மீட்டர் உயரத்தில் ஏற்கெனவே மூச்சு வாங்கும். பனியும் சேர்ந்தால் எறிந்த பந்து எங்கே போனது என்று சத்தத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். ஐந்து பேரையும் ஒரே நேரத்தில் காத்து, ஒரு ஃபவுலும் வாங்காத தடுப்பாளன். ஆனால் இரு அணிக்கும் ஆடுகிறான் என்பதால் தகுதிநீக்கம்.

இனி வோட்டுப் போடுவோர் இயல். என்.பி.ஏ. தடுப்பாளர் விருதுக்குச் சுமார் நூறு பத்திரிகையாளர்களும் வர்ணனையாளர்களும் வோட்டுப் போடுகிறார்கள். முதலிடத்துக்கு 5, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 1. தடுப்பாளர் அணியை மட்டும் 2013 வரை பயிற்சியாளர்கள் தேர்ந்தெடுத்து வந்தார்கள். இதனால் விளைந்த ஒரு தர்க்கச் சிக்கல் நம் நையாயிகர்களுக்கே வாய்க்காதது. 2012-இல் டைசன் சாண்ட்லர், 2013-இல் மார்க் கசோல் இருவரும் பத்திரிகையாளர் வோட்டில் லீக்கின் தலைசிறந்த தடுப்பாளர்கள். அதே ஆண்டுகளில் பயிற்சியாளர் வோட்டில் இரண்டாவது அணியில்தான் இடம். ஊருக்கே முதல் ஆள், தன் தெருவில் இரண்டாவது ஆள். இதைச் சரிசெய்ய, எந்த வோட்டு சரி என்று யாரும் ஆராயவில்லை. அடுத்த பருவத்திலிருந்து இரண்டையும் பத்திரிகையாளர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். முரண்பாடு தீர்ந்தது.

விருது கிடைக்காமல் போவதற்கு உயரமும் ஒரு காரணம். பிளாக் என்பது சத்தம் கேட்கிற தடுப்பு. பந்து மூன்றாவது வரிசை நாற்காலியில் போய் விழும், தட்டியவர் டிக்கெம்பே முட்டோம்போ என்றால் ஆள்காட்டி விரலையும் ஆட்டிக் காட்டுவார். கேமராவுக்கு வேறென்ன வேண்டும்? 1996-இல் கேரி பேட்டன் வாங்கிய பிறகு ஒரு கார்டுக்கு இந்த விருது திரும்பக் கிடைக்க 2022-இல் மார்கஸ் ஸ்மார்ட் வர வேண்டியிருந்தது. நடுவில் 26 ஆண்டு குட்டையர்கள் யாரும் யாரையும் தடுக்கவில்லை என்று வருங்காலம் நினைத்துக்கொள்ளும்.

நொச்சிக்குலத்தின் ஆதிபுருஷன் யார் என்று கேட்டால் நான் பழனியைக் காட்டுவேன். சிவகிரி, சக்திகிரி என்று இரண்டு மலையைக் காவடியாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தவன் இடும்பன். இளைப்பாற இறக்கி வைத்தான். மலை திரும்ப எழும்பவில்லை. மேலே ஒரு சிறுவன் நின்றுகொண்டு மலை என்னுடையது என்றான். சண்டையில் இடும்பன் விழுந்தான், எழுப்பப்பட்டான், காவலனாக நிறுத்தப்பட்டான். அன்றுமுதல் அவன் வேலை தடுப்பு. முறைப்படி அவனைக் கும்பிட்டுவிட்டுத்தான் முருகனிடம் போக வேண்டும். ஆனால் அவன் சன்னிதி இருப்பது படிப்பாதையில். விஞ்சிலும் ரோப் காரிலும் ஏறுகிறவர்கள் அவனைப் பார்க்காமலே உச்சிக்குப் போய் இறங்கிவிடுகிறார்கள். ராத்திரி மூன்று நிமிட ஹைலைட்ஸ் பார்த்துவிட்டுத் தடுப்பாளரைத் தேர்ந்தெடுக்கிற வாக்காளர்களும் விஞ்சில் ஏறியவர்கள்தாம்.

புறனடை. வாங்கவேண்டிய விருதை வாங்கியும் நொச்சியின் சாபம் தீராதவன் என்று கடைசியாக ஒரு வகை உண்டு. பிரான்ஸ்காரர் ரூடி கோபேர் 2018, 2019, 2021, 2024 என நான்கு முறை தடுப்பாளர் விருது பெற்றார். முட்டோம்போவுக்கும் பென் வாலஸுக்கும் சமம். நான்காவது விருது வந்த அதே 2024-இல், பெயர் சொல்லாமல் சக ஆட்டக்காரர்களிடம் ஓர் இதழ் எடுத்த கணிப்பில், தகுதிக்கு மீறிப் புகழப்படுகிறவர் யார் என்ற கேள்விக்கு அதிக வோட்டு வாங்கியவரும் அவரே. இவரை எந்த வகையில் சேர்ப்பது என்பதில் மேல்மலையாரும் கீழ்மலையாரும் முதல்முறையாக ஒத்துப்போகிறார்கள். இரண்டு பேருமே, தங்கள் பக்கத்துக்கு வேண்டாம் என்கிறார்கள்.